புதுக்கோட்டைச் செலவு

‘செலவு’ என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் செல்லுதல் என்பதே பொருள். கைப்பொருள் கழிவதை அச்சொல்லாற் குறிப்பது பிற்கால வழக்கு. ஊர்விட்டு ஊர் செல்வோரிடமிருந்து பொருளும் உடன் செல்லும் என்பதை அறிந்தே தமிழர் இவ்விரு பொருளையும் ஒரே சொல்லில் அடக்கினர் போலும்! அகத்திணை நூல்களில் ‘செலவழுங்குதல்’ என்றொரு துறை உண்டு. தலைவன் புறப்படக் கருதி, பின்பு போகாது தங்கிவிடுதலை அது குறிக்கும். விடுமுறை தொடங்குவதற்கு முன்பே பெருந்திட்டங்கள் வகுத்து, விடுமுறை முடியும்வரை வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்கள் இன்றும் பல. அவர்கள் அத்துறைக்கு இலக்கியமாக விளங்குகின்றனர்.

பழமை மிக்க நாடுகளைக் காண விரும்புவோர் எகிப்து, கிரேக்கம், உரோமை என்று நெடுந்தொலைவை நினைப்பது இயல்பு. அவை காணத்தக்கனவே. ஆயினும், தமிழ்நாட்டின் நடுவே பழங்காலத்தின் எல்லாப் படிகளையும் ஒரு நாள் வழித்தொலைவுக்குள் அடக்கிவைத்திருக்கும் நிலம் ஒன்று உண்டு. கல்வட்டங்களும் முதுமக்கள் தாழிகளும், துறவியர் படுத்த கற்படுக்கைகளும், மலையைக் குடைந்த கோயில்களும், கல்லடுக்கிக் கட்டிய தளிகளும், கோட்டைகளும் ஒருங்கே அமைந்த அந்நிலம் புதுக்கோட்டையாகும். வெள்ளாறு இதன் ஊடே ஓடுகிறது. அவ்வாற்றுக்கு வடபால் கோனாடு என்றும், தென்பால் கானாடு என்றும் பழங்கல்வெட்டுகள் வழங்கும். சோழரும் பாண்டியரும் மாறி மாறி ஆண்ட எல்லைநாடாகையால், இருவர் கைவண்ணமும், இவர்களுக்கு முன்னே பல்லவரும், இடையே முத்தரையரும் இருக்குவேளிரும் விட்டுச்சென்ற சுவடுகளும் இங்கே காணக்கிடக்கின்றன. பின்னாளில் தொண்டைமான்கள் ஆண்ட இந்நாடு 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974ஆம் ஆண்டு தனி மாவட்டம் ஆயிற்று.

தாயும் தந்தையும் மக்கள் இருவரும், அவர்களோடு முதிய பாட்டியும் ஆக ஐவர் இந்நாட்டைக் காணப் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்க. அவர்களுக்குக் கிட்டியிருப்பது மூன்று நாள். மற்றொரு முறை வருதற்குப் பொருளும் காலமும் வாய்க்குமோ என்பது ஐயம். இந்நிலையில், எதைக் காண்பது என்பதைக் காட்டிலும் எதைக் காணாமல் விடுவது என்பதே அவர்கள் முதலில் தீர்க்கவேண்டிய வினாவாகும்.

முதற்கண் பருவத்தை நோக்குதல் வேண்டும். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில் வருகிறது. ஆனால் கோடை இந்நாட்டுக்கு ஏற்றதன்று. இங்கே காணத்தக்கவற்றுட் பல மொட்டைப் பாறைகளின் மேல் உள்ளன. கோயிலுக்குள் செருப்பணிந்து செல்லலாகாது. சித்திரை வெயிலில் பாறைமேல் வெறுங்கால் வைத்தலோ அரிது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மழை பெய்யும், ஈரப்பாறை வழுக்கும். ஆகவே மார்கழியின் இறுதியும் தையும் மாசியுமே தக்க காலம். அரையாண்டுத் தேர்வை அடுத்து வரும் சிறு விடுமுறையோ, பொங்கல் விடுமுறையோ இதற்குப் பொருந்தும். அப்பொழுது ஏரிகளும் கண்மாய்களும் நிறைந்திருக்கும்; பாறைகளின் இடையேயுள்ள சுனைகளிலும் நீர் நிற்கும்.

அடுத்து, தங்குமிடம். நாள்தோறும் இடம் மாற்றித் தங்குவோர் மூட்டை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் பாதி நாளைப் போக்குவர். புதுக்கோட்டை நகரம் ஏனைய இடங்களுக்கு நடுவணதாக அமைந்துள்ளது. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்நகரிலேயே மூன்றிரவும் தங்கி, காலையிற் புறப்பட்டு மாலையில் மீளுதல் நலம். நகரின் தெருக்கள் ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டிச் செல்வதைக் காண்போர் வியப்பர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியார் செய்த நகர அமைப்பின் பயன் அது. வழிதவறுவோர்க்கு இந்நகரில் இடமில்லை.

முதல் நாளுக்கு முந்தைய பிற்பகலிலேயே நகரை அடைந்துவிடின், திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தைக் காணலாம். 1910ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது அது. அருங்காட்சியகத்தைப் பயணத்தின் இறுதியில், மழைக்கு ஒதுங்குவதுபோல் நுழைந்து பார்த்துவிட்டுப் போவோர் பலர். அது முறையன்று. தாழி எத்தன்மையது, செப்புத்திருமேனி எவ்வாறு இருக்கும், பழங்காசு எத்துணைச் சிறியது என்பனவற்றைக் கண் முன்னரே பழகியிருந்தால், பின்பு வெட்டவெளியில் ஒரு கல்லைக் காணும்போது அது வாளா ஒரு கல்லாகத் தோன்றாது. தொண்டைமான்கள் வெளியிட்ட அம்மன் காசையும் மக்களுக்குக் காட்டுதல் வேண்டும். விரல்நுனியில் அடங்கும் அச்செப்புக்காசின் ஒருபுறம் பிரகதாம்பாளின் உருவமும், மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னும் சொல்லும் உண்டு. அவ்வம்மை எழுந்தருளியிருக்கும் குடைவரைக்கோயிலும் திருக்கோகர்ணத்திலேயே இருக்கிறது. பாட்டிக்கு அம்மாலை நிறைவளிக்கும்.

இனி முதல் நாள். அன்னவாசல் சாலையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சென்றால் சித்தன்னவாசல். இங்கே காணவேண்டியவை இரண்டு. இரண்டும் ஒரே குன்றில் இருப்பினும் வெவ்வேறு திசையை நோக்கியவை. ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை குன்றின் கீழ்ப்புறம் உள்ளது. அறிவர்கோயில் என்னும் குடைவரை மேற்புறச் சரிவில் உள்ளது. காலைக் கதிர் முன்னதில் விழும். மாலைக் கதிர் பின்னதில் விழும். அறியாதார் இரண்டையும் ஒருசேரக் கண்டுவிட முயன்று, ஒன்றனை இருளிலும் மற்றொன்றைச் சுடுவெயிலிலும் காண்பர்.

விடியற்பொழுதில் குன்றேறி, உச்சியைக் கடந்து, கீழ்ப்புறச் சரிவில் பாறையில் வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகளைப் பற்றிச் செல்லவேண்டியிருந்தமையால் அக்குகைக்கு ஏழடிப்பட்டம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. குகையினுள் வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைப்புறம் சற்றே உயர்ந்து தலையணைபோல் விளங்கும். உலகப்பற்றை நீத்த சமணத் துறவியர் இவற்றிற் படுத்தனர். உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்தனர் என்றும் கூறுவர். ஒரு படுக்கையின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. எருமை நாட்டிற் பிறந்த துறவி ஒருவர்க்கு இவ்விருக்கை செய்தளிக்கப்பட்ட செய்தியை அது தெரிவிக்கிறது. எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என அறிஞர் கருதுவர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மொழி வேறுபட்ட நாட்டிலிருந்து நடந்துவந்த ஒருவர்க்கு இவ்வூரார் கல்லிற் படுக்கை வெட்டிக் கொடுத்தனர். அவரும் வழிச்செல்வோரே; அவரது செலவு மட்டும் திரும்பி வருதற்குரியதன்று.

வெயில் ஏறுமுன் குன்றிலிருந்து இறங்கிக் குடுமியான்மலைக்குச் செல்லுதல் வேண்டும். நண்பகலிற் கோயில் நடை சாத்தப்பெறுமாதலின், காலம் தாழ்த்தலாகாது. சிகாநாதசாமி கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்துக்கும் சிற்பத்தூண்களுக்கும் புகழ் மிகுதி. மலையேற இயலாத பாட்டி இம்மண்டபத்து நிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். ஆனால் மக்கள் காணவேண்டியது கோயிலை அடுத்த மலைப்பாறையில் பொறிக்கப்பட்டுள்ள இசைக்கல்வெட்டு. சிலை ஒன்றும் இல்லாத, எழுத்து மட்டுமே நிறைந்த பாறைமுகத்தைப் பலர் திரும்பியும் பாரார். ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் நான்கு நான்கு சுரங்களாக அங்கே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. பாட்டு ஒன்றும் எழுதப்படவில்லை. பயிலும் மாணாக்கர்க்கு உரிய பாடமே எழுதப்பட்டது. உருத்திராசாரியரின் மாணாக்கராகிய, சிவனிடத்துப் பேரன்புடைய அரசர் ஒருவர் இதனைச் செய்வித்தார் என்று கல்வெட்டே கூறுகிறது. ஈற்றில் உள்ள தமிழ் வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியன என்கிறது. எட்டு எவை, ஏழு எவை என்பது பற்றி இசையறிஞர் இன்னும் ஆய்ந்துகொண்டிருக்கின்றனர்.

இங்கே ஒன்று குறிப்பிடத்தக்கது. அவ்வரசர் முதலாம் மகேந்திரவர்ம பல்லவரே என்று பல நூல்களில் உறுதியாக எழுதப்பட்டிருக்கும். கல்வெட்டில் அவர் பெயர் இல்லை. சித்தன்னவாசல் ஓவியங்களும் மகேந்திரர் காலத்தன என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பின்னர், அறிவர்கோயில் முகப்பின் அருகேயுள்ள பாறையில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று படித்தறியப்பட்டது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாற சீவல்லபன் காலத்தில் அக்கோயிலைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்த செய்தி அதனால் வெளிப்பட்டது. இன்று நாம் காணும் ஓவியங்கள் அக்காலத்தன என்பதே பெரும்பாலோர் முடிபு. அன்று கற்ற மாணாக்கர் தவறாக விடையெழுதி முழுமதிப்பெண் பெற்றனர்! ஆகவே செல்வோர், ஒவ்வோரிடத்தும் ‘இதனைச் சொல்வது கல்லா, நூலாசிரியரா?’ என்று வினவிக்கொள்ளுதல் நன்று.

பிற்பகலில் மீண்டும் சித்தன்னவாசலுக்கு வந்து அறிவர்கோயிலை அடைதல் வேண்டும். முகப்பில் நிற்கும் தூண்கள் குடைவரையோடு பிறந்தவை அல்ல. குடுமியான்மலையிற் பாழடைந்து கிடந்த மண்டபம் ஒன்றிலிருந்து 20ஆம் நூற்றாண்டிற் கொணர்ந்து நிறுத்தப்பட்டவை. காலையில் குடுமியான்மலையைக் கண்டுவந்த மக்கள் அவற்றின் இனத்தைத் தாமே கண்டுகொள்வர். உள்ளே சென்று, விதானத்தை அண்ணாந்து நோக்கினால், முதலிற் கறையும் உதிர்வுமே தெரியும். அவ்வளவில் ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடுவோர் மிகப் பலர். கண் இருளுக்குப் பழகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். சிறிது நேரத்தில் ஒரு தாமரைக்குளம் தலைக்குமேல் மெல்லப் புலப்படும். இலைகளும், மொட்டும் மலருமாகிய தாமரைகளும், இடையே மீன்களும், அன்னங்களும், நீரில் இறங்கிய யானையும், எருமைகளும் தோன்றும். மலர் கொய்யும் ஆடவர் மூவரின் உருவமும் தெரியும். ஒருவர் தாமரைத் தண்டைத் தோள்மேற் சாய்த்து நிற்கும் நிலையில் உடலின் நெகிழ்ச்சி எத்துணை இயல்பாக வரையப்பட்டிருக்கிறது என்பதை நேரிற் கண்டே உணர்தல் வேண்டும். அருகன் அறமுரைக்கும் சமவசரணத்தை நோக்கிச் செல்லும் நல்லோர், இடைவழியில் நீராடி மலர்கொய்து மகிழும் பொய்கை இது எனச் சமண நூல்வல்லார் விளக்குவர். தூண்களின் மேல் ஆடல்மகளிர் இருவர் உருவமும், ஓர் அரசன், அரசியின் உருவமும் உள்ளன.

சுண்ணச்சாந்து பூசிய கல்லின்மேல் சுண்ணத்தின் வெண்மையும், கரியின் கருமையும், காவிமண்ணின் செம்மையும் மஞ்சளும் கொண்டு இவற்றை எழுதினர். மெல்லிய அச்சாந்துப்பூச்சு கல்லைவிட்டு உரிந்தால் ஓவியமும் உடன் போம். மீண்டும் ஒட்டுதல் இயலாது. 1920ஆம் ஆண்டளவில் கோபிநாத ராவும் துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞரும் இவ்வோவியங்களின் சிறப்பை உலகுக்கு எடுத்துக்காட்டினர். அதற்கு முன்னும் பின்னும் புகையாலும் ஈரத்தாலும் கைகளாலும் நேர்ந்த அழிவு பெரிது. ஆயிரம் ஆண்டு காத்துநின்ற மலரைத் தொட்டுப்பார்க்க விரும்பும் ஒரு விரல் போதும். எழுதிய ஓவியன் தன் பெயரை எங்கும் எழுதவில்லை. பார்க்கவந்தோரிற் சிலர் பாறைகளிலே தம் பெயரைப் பொறித்துச் செல்கின்றனர்! கருவறையினுள் நின்று மெல்ல ஒலியெழுப்பினால் அறை முழுதும் அதிரும் என்பர்; காவலர் உடன்பாட்டோடு மக்கள் அதனைச் செய்துபார்க்கலாம். அன்றைக்கு வேறெதையும் காணவேண்டுவதில்லை. கண்ணில் ஏந்திய குளத்தோடு நகருக்கு மீள்வதே தக்கது.

நிலப்படத்தை விரித்து நோக்குவோர்க்கு இங்கே ஒரு மயக்கம் உண்டாகும். கொடும்பாளூரும் மேற்குத் திசையிலேயே இருக்கிறது. அதனையும் முதல் நாளிலேயே சேர்த்துக்கொண்டால் எரிபொருள் மிச்சமாகாதோ என்று தந்தையார் கருதலாம். கணக்கு சரியே. ஆனால் மாலை ஆறுமணிக்குக் களைத்த கண்களோடு கொடும்பாளூரைக் காண்பதைக் காட்டிலும் காணாமலே இருப்பது சிக்கனம்.

இரண்டாம் நாளைக்குரியவை கொடும்பாளூரும் நார்த்தாமலையும். இரண்டிலும் உள்ள பழங்கோயில்கள் மேற்கு நோக்கியவை. ஒரு நாளின் மாலைவெயிலை ஓரிடத்துக்கே அளித்தல் கூடும். நார்த்தாமலைக்கு அதனை அளிப்பதே நேரிது. நண்பகலில் அம்மலைமேல் ஏறுதல் அரிதாகலின்.

கொடும்பாளூர், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் சென்ற வழியைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் இவ்வூரைக் ‘கொடும்பை’ எனச் சுட்டுகிறது. இடங்கழி நாயனார் தோன்றிய ஊரும் இதுவே. இருக்குவேளிர் மரபிற் பிறந்த பூதி விக்கிரமகேசரி என்பான் தன் பெயரால் ஒன்றும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயரால் இரண்டுமாக மூன்று தளிகளை ஒரு வரிசையில் எடுப்பித்தான். அதனால் அதற்கு மூவர்கோயில் என்று பெயர். இன்று இரண்டே நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அவன் மரபினரின் வரலாற்றை வடமொழியிற் கூறும் கிரந்தக் கல்வெட்டு நடுத்தளியின் சுவரில் உள்ளது. அவன் தாய் அனுபமை சோழர்குலத்து மகள் என்பதும் அதனால் அறியப்படும். நிற்கும் இரண்டைக் கண்டு வியப்பதோடு அமையாது, நில்லாத மூன்றாவதன் அடித்தளத்தையும் சுற்றிவருதல் வேண்டும். எக்கல் எதன்மேல் எவ்வாறு பொருந்துகிறது என்பதைக் கட்டி முடிந்த கோயில் மறைக்கும். இடிந்த கோயில் காட்டும். கருங்கல் வேலை பயில விரும்பும் சிறுவனுக்கு அவ்வடித்தளமே பள்ளிக்கூடம்.

பிற்பகல் நார்த்தாமலையை அடையலாம். நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை எனத் திரிந்தது என்பர். நகரத்தார் என்றது இங்கு வணிகரை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர்க்கு இவ்வூர் உறைவிடமாக இருந்தது. மேலமலைமேல் உள்ள விசயாலய சோழீச்சுரம் என்னும் கற்றளி, பெயரளவிற் சோழனுடையது. எடுப்பித்தவன் சாத்தன் பூதி என்னும் முத்தரையர் தலைவன் எனவும், மழையால் இடிந்ததனை மல்லன் விடுமன் என்பான் புதுக்கினான் எனவும் அங்குள்ள கல்வெட்டு கூறும். புறத்தே சதுரமாகவும் அகத்தே கருவறை வட்டமாகவும் அமைந்த இதன் அமைப்பு தமிழ்நாட்டில் அருகியே காணப்படுவது. எதிரே இரண்டு குடைவரைகள் உள்ளன. ஒன்று பழியிலி ஈச்சுரம் என்னும் சிறு சிவன்கோயில். மற்றொன்றிற்குச் சமணர் குடகு என்று பெயர். உள்ளே இருப்பனவோ திருமாலின் திருவுருவங்கள் பன்னிரண்டு! பதினெண்பூமி விண்ணகரம் என்று வணிகர் அதனை வழங்கினர். சமணர் குகை வைணவக் கோயிலாயிற்று. பெயர் மட்டும் பழையவரை மறவாதிருக்கிறது. கதிரவன் சாயும்போது அக்கற்றளி பொன்னிறம் பெறும் காட்சி இம்மூன்று நாளிலும் தலைசிறந்தது என்று கூறினும் மிகையாகாது. ஆயினும் இருட்டுமுன் இறங்கிவிடுதல் வேண்டும். பாறையில் படிகள் எங்கும் உள்ளன என்று நம்பலாகாது. குடிநீரும் கீழிருந்தே கொண்டு செல்லவேண்டும்.

மூன்றாம் நாள் தெற்கே 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருமயத்துக்கு உரியது. விரைந்து கண்டு முடிக்கத்தக்க ஊர் இது. சேதுபதி மன்னர் 1687ஆம் ஆண்டு கட்டுவித்த கோட்டையில் முதலில் ஏறி, பின்பு அடிவாரத்திலுள்ள சத்தியகிரீசுவரர் கோயிலையும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலையும் நடை சாத்துமுன் காணலாம். ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடையப்பட்ட இவ்விரு கோயிலார்க்கும் நெடுநாள் வழக்கு நிகழ்ந்தது. 1245ஆம் ஆண்டு போசளப் படைத்தலைவன் அப்பண்ணன் முன்னிலையில் அது தீர்க்கப்பட்டதைக் கல்வெட்டால் அறிகிறோம். குடுமியான்மலையிற் கண்ட ‘பரிவாதினி’ என்னும் இசைச்சொல் இங்கும் பாறையில் இருக்கிறது. தேடிக் காண்பது மக்கள் வேலை. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு பிறந்ததும் இவ்வூரிலேயே.

ஆவுடையார்கோயில் இத்திட்டத்தில் இடம்பெறாமை கண்டு பாட்டி வருந்துதல் கூடும். மாணிக்கவாசகர் வரலாற்றோடு இயைந்த அத்தலத்தின் கற்கொடுங்கைகளைக் காண ஒரு முழுநாள் வேண்டும். அரைநாளிற் காண்பது அதற்கு இழைக்கும் பிழை. மூன்றாம் நாள் பிற்பகல் எஞ்சியிருப்பின், நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள பொற்பனைக்கோட்டைக்குச் செல்லலாம். சங்ககாலக் கோட்டை ஒன்றின் மதிலும் அகழியும் மண்மேடாகத் தெரியும் அவ்விடத்தில், தமிழக அரசின் தொல்லியல் துறை 2023ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கியது. அங்கே அண்ணாந்து பார்க்க விமானம் இல்லை, தூணும் இல்லை. பனைமரங்களும், மேய்ச்சல் ஆடுகளும், அவற்றின் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு மேடுமே உண்டு. சிறுவர் அம்மேட்டின்மேல் ஏறி நடப்பர். தாம் நடப்பது ஈராயிரம் ஆண்டு மதிலின் தலைமேல் என்று தந்தையார் சொல்லும்போது, அவர்கள் தாமாகவே இறங்கி, ஓரமாக நடக்கத் தொடங்குவர்.